மோல், மோலார் நிறை: தராசை வைத்து அணுக்களை எண்ணுவது எப்படி

மதுரையில் இருக்கும் அக்காவுக்கு வெறும் வயிற்றில் எடுத்த ரத்தச் சர்க்கரை 126. டொராண்டோவில் இருக்கும் தங்கைக்கு 7. போனில் பேசிக்கொள்ளும்போது அக்காவுக்குப் பயம் வந்துவிடுகிறது, அவளுக்கு ஏழுதானே, எனக்கு மட்டும் ஏன் இப்படி ஏறிக் கிடக்கிறது என்று. உண்மையில் இரண்டு பேர் ரத்தத்திலும் குளுக்கோஸ் ஒரே அளவுதான். இந்தியாவில் 100 மில்லி ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் குளுக்கோஸ் என்று எடையில் சொல்கிறார்கள். கனடாவிலும் பிரிட்டனிலும் ஒரு லிட்டரில் எத்தனை மில்லிமோல் என்று எண்ணிக்கையில் சொல்கிறார்கள். எடையை எண்ணிக்கையாக மாற்றித் தருவது குளுக்கோஸின் மோலார் நிறை, கிட்டத்தட்ட 180.

பிளஸ் ஒன் வேதியியலில் முதல் பாடத்திலேயே வந்து நிறைய பிள்ளைகளை மிரட்டுகிற விஷயம் இது. (இலங்கைப் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்கு இது மூல், மூலர்த் திணிவு. பெயர்தான் வேறு, கணக்கு ஒன்றே.) நான் சொல்லிக்கொடுத்துப் பார்த்த வரையில், சூத்திரம் மனப்பாடமாகத் தெரிந்த பிள்ளைகள்கூட "மோல்னா என்ன?" என்று கேட்டால் நின்றுவிடுகிறார்கள். அங்கே நின்றால் அதற்குப் பிறகு வரும் எல்லாக் கணக்கும் குருட்டாம்போக்குதான். அதனால் அடியிலிருந்தே போவோம், பேப்பரும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

மோல் ஓர் எண்ணிக்கை

வெற்றிலை வாங்கும்போது கவுளி என்று கேட்கிறோம். ஒரு கவுளி என்றால் 100 வெற்றிலை. வாழைப்பழத்துக்கு டஜன், தாளுக்கு ரீம். மோலும் அதே இனம்தான். ஒரு மோல் என்றால் 6.022 × 10²³ உருப்படிகள். அணுவாக இருக்கலாம், மூலக்கூறாக இருக்கலாம், அயனியாக இருக்கலாம், எலக்ட்ரானாக இருக்கலாம். கவுளி என்பது எடை ஆகாது, இளங்கொழுந்தாக வாங்கினால் கவுளி லேசாக இருக்கும், முற்றிய இலை என்றால் கனக்கும், எண்ணிக்கை மட்டும் மாறாது. மோலும் அப்படித்தான். ஒரு மோல் ஹைட்ரஜன் அணுக்கள் 1 கிராம் அளவுதான் இருக்கும், ஒரு மோல் தங்க அணுக்கள் 197 கிராம் இருக்கும். இரண்டிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே.

அந்த எண் எவ்வளவு பெரியது? 602 என்று சொல்லி அதற்குப் பின்னால் "கோடி கோடி கோடி" என்று மூன்று முறை சொல்ல வேண்டும். உலகத்தில் உள்ள 800 கோடிப் பேரும் சாப்பாடு தூக்கம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு விநாடிக்கு ஒன்று என்று எண்ணினாலும் ஒரு மோலை எண்ணி முடிக்க ஏறக்குறைய 24 லட்சம் ஆண்டுகள் ஆகும். ஆனால் ஒரு மோல் தண்ணீர் மூலக்கூறுகள் வெறும் 18 கிராம், இரண்டு மடக்கில் குடித்துவிடலாம். அணு அவ்வளவு சின்னது, அதனால்தான் அதை எண்ணும் கட்டு இவ்வளவு பெரிதாக வேண்டியிருக்கிறது.

இந்த எண் எங்கிருந்து வந்தது

இதுதான் முக்கியமான இடம், அவசரப்படாமல் படியுங்கள்.

வீட்டில் கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும் இருக்கிறதா? ஒரு கொண்டைக்கடலை 0.4 கிராம், ஒரு பச்சைப்பயறு 0.05 கிராம் என்று வைத்துக்கொள்வோம் (உங்கள் டப்பாவில் உள்ளது கொஞ்சம் மாறும்). கடலை பயறைப் போல 8 மடங்கு கனம். இப்போது 8 கிராம் கடலையும் 1 கிராம் பயறும் எடுத்தால் இரண்டிலும் 20 மணிகள். 400 கிராம் கடலையும் 50 கிராம் பயறும் எடுத்தால் இரண்டிலும் 1000 மணிகள். எடைகளை 8க்கு 1 என்ற விகிதத்தில் வைத்திருக்கும்வரை எண்ணிக்கை சமமாகவே இருக்கும். ஒரு மணி தனியாக எத்தனை கிராம் என்று தெரியாவிட்டாலும்கூட இது உண்மை. ஒன்றைவிட மற்றது எத்தனை மடங்கு கனம் என்று தெரிந்தால் போதும்.

19ஆம் நூற்றாண்டு வேதியியலாளர்கள் நின்ற இடம் சரியாக இதுதான். ஓர் அணுவின் எடை அவர்களுக்குத் தெரியாது. ஆனால் கார்பன் அணு 12 என்றால் ஆக்சிஜன் 16, ஹைட்ரஜன் 1 என்று ஒப்பிட முடிந்தது. இந்த ஒப்பீட்டுக்கு வழி காட்டியவர் இத்தாலியின் டூரின் நகரத்துக்காரர் அமேடியோ அவகாட்ரோ. ஒரே வெப்பநிலையிலும் ஒரே அழுத்தத்திலும் சம பருமனுள்ள வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் சமம் என்று 1811இல் எழுதினார். அப்படியானால் ஒரு லிட்டர் ஆக்சிஜனையும் ஒரு லிட்டர் ஹைட்ரஜனையும் எடை போட்டுப் பார்த்தாலே மூலக்கூறுகளின் எடை விகிதம் கிடைத்துவிடும், இல்லையா? அவர் உயிரோடு இருந்தவரை பெரும்பாலானவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. 1856இல் அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1860இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் நடந்த மாநாட்டில் இத்தாலிய வேதியியலாளர் கன்னிசாரோ அந்தக் கருத்தை எடுத்து முன்வைத்த பிறகுதான் மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டார்கள். அவகாட்ரோ எண் என்று இன்று நாம் சொல்லும் எண்ணை அவகாட்ரோ கண்டுபிடிக்கவில்லை. அந்தப் பெயரை வைத்தவர் பிரெஞ்சு இயற்பியலாளர் ழான் பெரன், 1909இல்.

சரி, எடை விகிதம் தெரிந்துவிட்டது. அப்புறம் 12 கிராம் கார்பன் எடுத்தால் அதில் எத்தனை அணு இருக்கிறதோ, 16 கிராம் ஆக்சிஜனிலும் அத்தனை அணு, 1 கிராம் ஹைட்ரஜனிலும் அத்தனை அணு. கடலை, பயறு கணக்கேதான். அந்த "அத்தனை"க்கு வைத்த பெயர் மோல். 1971 முதல் 12 கிராம் கார்பன்-12இல் (நிறை எண் 12 கொண்ட கார்பன் வகை) உள்ள அணுக்களின் எண்ணிக்கை என்றுதான் மோலுக்கு அதிகாரபூர்வ இலக்கணம் இருந்தது. பிறகு சிலிக்கன்-28 கொண்டு ஏறக்குறைய ஒரு கிலோ எடையில் மிகத் துல்லியமான உருண்டை செய்து, படிகத்துக்குள் அணுக்கள் அடுக்கியிருக்கும் இடைவெளியை அளந்து, அதிலிருந்து அணுக்களைக் கணக்கிட்டார்கள். 2019 மே 20 முதல் மோல் என்றால் துல்லியமாக 6.02214076 × 10²³, அவ்வளவுதான். பள்ளிக் கணக்குக்கு 6.022 × 10²³ போதும்.

ஆக, தனிம வரிசை அட்டவணையில் ஆக்சிஜனுக்குப் போட்டிருக்கும் 15.999 என்ற எண்ணை இரண்டு விதமாகப் படிக்கலாம். ஓர் அணு மற்ற அணுக்களோடு ஒப்பிட்டால் எவ்வளவு கனம் என்று படிக்கலாம். ஒரு மோல் அணுக்கள் எத்தனை கிராம் என்றும் படிக்கலாம். இரண்டாவது வாசிப்புதான் மோலார் நிறை, அதன் அலகு கிராம்/மோல்.

குளோரினுக்கு ஏன் 35.45 என்று அரைகுறையாக வருகிறது என்று கேட்பார்கள். இயற்கையில் கிடைக்கும் குளோரினில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்று அதிகமாகக் குளோரின்-35, மீதி குளோரின்-37. இரண்டும் கலந்த சராசரிதான் அது. 35.45 எடையுள்ள ஒற்றைக் குளோரின் அணு எங்கேயும் கிடையாது.

மோலார் நிறையைக் கணக்கிடுவது

வேதி வாய்ப்பாட்டில் (தண்ணீருக்கு H₂O என்று எழுதுகிறோமே, அது) எந்த அணு எத்தனை முறை வருகிறதோ அத்தனை முறை அதன் அணு நிறையைக் கூட்ட வேண்டும். நமக்கு வேண்டிய சில எண்கள்: ஹைட்ரஜன் 1.008, கார்பன் 12.011, ஆக்சிஜன் 15.999, சோடியம் 22.99, கந்தகம் 32.06, குளோரின் 35.45, கால்சியம் 40.08, தாமிரம் 63.55.

தண்ணீரில் ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 1:
2 × 1.008 + 15.999 = 18.015 கிராம்/மோல்

சாப்பாட்டு உப்பில் சோடியம் 1, குளோரின் 1:
22.99 + 35.45 = 58.44 கிராம்/மோல்

சர்க்கரையில் (நாம் காபியில் போடும் வெள்ளைச் சர்க்கரை) கார்பன் 12, ஹைட்ரஜன் 22, ஆக்சிஜன் 11:
144.13 + 22.18 + 175.99 = 342.30 கிராம்/மோல்

இதுவரை யாரும் தப்பு பண்ணுவதில்லை. தப்பு இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று, அடைப்புக்குறி. நீற்றிய சுண்ணாம்பில், அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடில், ஒரு கால்சியத்துக்கு "ஆக்சிஜன்-ஹைட்ரஜன்" என்ற ஜோடி இரண்டு. அடைப்புக்குறிக்கு வெளியே இருக்கும் 2 உள்ளே இருக்கும் இரண்டு அணுக்களையும் பெருக்கும். ஹைட்ரஜனை மட்டும் இரட்டித்துவிட்டு ஆக்சிஜனை ஒன்றாகவே விடுவது பழக்கமான பிழை. சரியான கணக்கு: 40.08 + 2 × (15.999 + 1.008) = 74.09.

இரண்டாவது, படிகத்தோடு ஒட்டியிருக்கும் தண்ணீர். மயில்துத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள், போர்டோ கலவைக்கு விவசாயிகள் வாங்குவார்களே, அந்த நீலக் கல். காப்பர் சல்பேட் மட்டும் என்றால் 63.55 + 32.06 + 4 × 15.999 = 159.61. ஆனால் நீலப் படிகத்தில் ஒவ்வொரு காப்பர் சல்பேட்டோடும் 5 தண்ணீர் மூலக்கூறுகள் சேர்ந்தே இருக்கின்றன. 5 × 18.015 = 90.08. மொத்தம் 249.69. வாய்ப்பாட்டில் நடுவே போடும் புள்ளியைப் பெருக்கல் குறி என்று நினைத்து 159.61ஐயும் 90ஐயும் பெருக்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அது "கூடவே" என்று சொல்லும் புள்ளி. கூட்ட வேண்டும்.

கிராமிலிருந்து மோல், மோலிலிருந்து கிராம்

கையில் கிராம் இருந்தால் மோலார் நிறையால் வகுங்கள், மோல் வரும். மோல் இருந்தால் மோலார் நிறையால் பெருக்குங்கள், கிராம் வரும். மோலை அவகாட்ரோ எண்ணால் பெருக்கினால் உருப்படிகளின் எண்ணிக்கை. எது பெருக்கல் எது வகுத்தல் என்று குழம்பினால் அலகைப் பாருங்கள். கிராமை "கிராம்/மோல்" கொண்டு வகுத்தால் கிராம் அடிபட்டு மோல் மிஞ்சும். பெருக்கினால் "கிராம் × கிராம் / மோல்" என்று அர்த்தமில்லாத ஒன்று வரும். சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு வரியிலும் அலகை எழுதும் பழக்கம் ஆயிரம் மடங்கு மேல் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒரு டீஸ்பூன் சர்க்கரை, 5 கிராம் என்று வைத்துக்கொள்வோம்:
5 ÷ 342.30 = 0.0146 மோல்
0.0146 × 6.022 × 10²³ = 8.8 × 10²¹ மூலக்கூறுகள்

அதில் ஆக்சிஜன் அணுக்கள் எத்தனை என்று கேட்டால், ஒரு மூலக்கூறுக்கு 11. ஆகவே 9.7 × 10²². மூலக்கூறா அணுவா என்று கேள்வியைக் கவனமாகப் படியுங்கள், பாதி மதிப்பெண் போவது இங்கேதான். "ஒரு மோல் ஆக்சிஜன்" என்று மொட்டையாகச் சொன்னால் அணுவா (16 கிராம்), வாயுவாக இருக்கும் இரட்டை அணு மூலக்கூறா (32 கிராம்) என்று தெரியாது. வாயு என்று சொன்னால் 32ஐ எடுங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்: 1000 ÷ 18.015 = 55.5 மோல். இந்த 55.5 பின்னாளில் கரைசல் பாடத்தில் திரும்பத் திரும்ப வரும், இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அக்கா தங்கை கணக்குக்குத் திரும்புவோம். குளுக்கோஸில் கார்பன் 6, ஹைட்ரஜன் 12, ஆக்சிஜன் 6. மோலார் நிறை 180.16. அக்காவுக்கு 100 மில்லியில் 126 மில்லிகிராம், அப்படியென்றால் ஒரு லிட்டரில் 1260 மில்லிகிராம். 1260 ÷ 180.16 = 6.99 மில்லிமோல். தங்கையின் 7 அதுதான். 10ஆல் பெருக்கி 180ஆல் வகுப்பதும் 18ஆல் வகுப்பதும் ஒன்று, அதனால்தான் "18ஆல் வகு" என்று ஒரு குறுக்குவழி புழங்குகிறது. அந்த 18க்கும் தண்ணீரின் 18க்கும் சம்பந்தம் இல்லை, எண் தற்செயலாக ஒத்துப்போயிருக்கிறது.

உப்பு சர்க்கரைக் கரைசல்: எண்ணிக்கை ஏன் முக்கியம்

எடையிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போகலாமே, எதற்கு மோல் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது ஓஆர்எஸ் பொட்டலம். வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்குக் கரைத்துக் கொடுக்கிறோமே, அது. 2002இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் பரிந்துரைத்த கலவையில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் உப்பு 2.9 கிராம்.

எடையை மட்டும் பார்த்தால் குளுக்கோஸ் மலை போலவும் உப்பு துளி போலவும் தெரிகிறது. மோலாக மாற்றிப் பாருங்கள்.

குளுக்கோஸ்: 13.5 ÷ 180.16 = 0.075 மோல், அதாவது 75 மில்லிமோல்.
உப்பு: 2.6 ÷ 58.44 = 44.5 மில்லிமோல், ஆகவே சோடியம் 44.5.
சிட்ரேட் உப்பு (டிரைசோடியம் சிட்ரேட், இரண்டு தண்ணீரோடு சேர்த்து 294.1): 2.9 ÷ 294.1 = 9.9 மில்லிமோல். ஒவ்வொன்றிலும் 3 சோடியம், ஆகவே சுமார் 29.6.

சோடியத்தைக் கூட்டினால் 74 சொச்சம். கிராம்களை ஒரு தசம இடத்தோடு முழுமையாக்கி எழுதியிருப்பதால் சிறு வித்தியாசம், அட்டவணையில் 75 என்றே இருக்கும். குளுக்கோஸும் 75, சோடியமும் 75. காரணத்தோடுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். சிறுகுடல் சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே இழுக்கும் ஒரு புரதம் இருக்கிறது, அவை உள்ளே போகும்போது தண்ணீரும் பின்னாலேயே போகிறது. அந்தப் புரதத்துக்குக் கிராம் தெரியாது. வந்து நிற்கும் அயனிகளும் மூலக்கூறுகளும் எத்தனை என்பதுதான் அதற்குக் கணக்கு. உடம்பு எண்ணுகிறது, தராசு எடை போடுகிறது, அதனால் நமக்கு மோல் வேண்டியிருக்கிறது.

பொட்டாசியத்தை நீங்களே போட்டுப் பாருங்கள், மோலார் நிறை 74.55. 20 வர வேண்டும்.

சமன்பாட்டுக்குள் மோல்: சுண்ணாம்புக் காளவாய்

சமன்பாடு பேசுவது எண்ணிக்கையில்தான். "ஒரு கால்சியம் கார்பனேட் உடைந்தால் ஒரு கால்சியம் ஆக்சைடும் ஒரு கார்பன் டை ஆக்சைடும் வரும்" என்பதை "ஒரு மோல் உடைந்தால் ஒரு மோல், ஒரு மோல்" என்று அப்படியே படிக்கலாம். கிராமில் அப்படிப் படிக்கவே முடியாது.

காளவாயில் நடப்பது இதுதான். கிளிஞ்சலோ சுண்ணாம்புக்கல்லோ போட்டுச் சுடுகிறார்கள், கார்பன் டை ஆக்சைடு பறந்துவிடுகிறது, சுட்ட சுண்ணாம்பு மிஞ்சுகிறது. சுத்தமான கால்சியம் கார்பனேட் 1 கிலோ போட்டால் எவ்வளவு கிடைக்கும்?

முதல் வேலை, சமன்பாடு சமனாக இருக்கிறதா என்று பார்ப்பது. இங்கே இருக்கிறது, எல்லாம் ஒன்றுக்கு ஒன்று.
இரண்டாவது, கிராமை மோலாக்குவது. கால்சியம் கார்பனேட்டின் மோலார் நிறை 100.09. 1000 ÷ 100.09 = 9.991 மோல்.
மூன்றாவது, சமன்பாட்டின் விகிதம். ஒன்றுக்கு ஒன்று, ஆகவே கால்சியம் ஆக்சைடும் 9.991 மோல்.
நான்காவது, திரும்பவும் கிராம். 9.991 × 56.08 = 560.3 கிராம்.

மீதி 439.7 கிராம் கார்பன் டை ஆக்சைடாக மேலே போய்விட்டது (9.991 × 44.01 போட்டுச் சரிபாருங்கள்). கல்லாகப் போட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் கையில் மிஞ்சுகிறது. அப்புறம் இந்தச் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறுகிறது, அதுவும் ஒன்றுக்கு ஒன்று வினைதான். 9.991 மோல் தண்ணீர், 180 கிராம், உள்ளே போய் 740.3 கிராம் நீற்றிய சுண்ணாம்பு ஆகிறது. 560.3 + 180.0 = 740.3, கணக்கு நேராகிறது. ஒவ்வொரு கணக்கின் முடிவிலும் உள்ளே போன மொத்த எடையும் வெளியே வந்த மொத்த எடையும் ஒன்றா என்று பார்த்துவிடுங்கள். அரை நிமிட வேலை, எங்கே தப்பு என்று உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

எது முதலில் தீரும்

கல்யாண வீட்டில் தாம்பூலம் கட்டுகிறீர்கள். ஒன்றுக்கு 2 வெற்றிலை, 1 பாக்கு. கையில் ஒரு கவுளி வெற்றிலை, 60 பாக்கு. எத்தனை தாம்பூலம்? 50தான். 100 வெற்றிலை பார்க்க நிறைய, ஆனால் இரண்டிரண்டாகச் செலவாவதால் அதுதான் முதலில் தீர்கிறது, 10 பாக்கு மிஞ்சுகிறது. வேதியியலில் இப்படி முதலில் தீர்ந்து வினையை நிறுத்தும் பொருளை வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்கிறோம். ஒவ்வொன்றின் மோலையும் சமன்பாட்டில் அதன் முன்னால் இருக்கும் எண்ணால் வகுத்து, எது சின்னதோ அதுவே.

4 கிராம் ஹைட்ரஜன், 24 கிராம் ஆக்சிஜன் வாயு, இரண்டும் சேர்ந்து தண்ணீர் ஆகிறது. சமன்பாட்டில் 2 ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு 1 ஆக்சிஜன் மூலக்கூறு, விளைவது 2 தண்ணீர்.

ஹைட்ரஜன்: 4 ÷ 2.016 = 1.984 மோல், 2ஆல் வகுத்தால் 0.992.
ஆக்சிஜன்: 24 ÷ 32.00 = 0.75 மோல், 1ஆல் வகுத்தால் 0.75.

எடையில் ஆறு மடங்கு அதிகமாக இருக்கும் ஆக்சிஜன்தான் முதலில் தீர்கிறது! தண்ணீர் 1.5 மோல், 27.02 கிராம். ஹைட்ரஜன் 0.98 கிராம் மிச்சம். கூட்டினால் 28, போட்டதும் 28. கிராமைப் பார்த்துக் கட்டுப்பாட்டுக் காரணியை முடிவு செய்யாதீர்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரியவில்லை.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒன்று: ஆப்ப சோடா 5 கிராம், 5 சதவீத வினிகர் 50 மில்லி. சோடா 5 ÷ 84.01 = 0.0595 மோல். வினிகரில் அசிட்டிக் அமிலம் சுமார் 2.5 கிராம், 2.5 ÷ 60.05 = 0.0416 மோல். ஒன்றுக்கு ஒன்று வினை, ஆகவே அமிலம் முதலில் தீரும், 0.0416 மோல் கார்பன் டை ஆக்சைடு வரும். 25 டிகிரி செல்சியஸில், சாதாரண வளிமண்டல அழுத்தத்தில், ஒரு மோல் வாயு ஏறக்குறைய 24.5 லிட்டர் இடம் பிடிக்கும். ஆக ஒரு லிட்டர் வாயு. அதில் கொஞ்சம் தண்ணீரிலேயே கரைந்து நிற்கும், இருந்தாலும் பாட்டில் வாயில் மாட்டிய பலூன் நன்றாகவே உப்பும். (0 டிகிரியில் அந்த எண் 22.4 லிட்டர். இது வாயுவுக்கு மட்டும்தான். தண்ணீரையோ உப்பையோ 22.4ஆல் பெருக்கக் கூடாது.)

ஆய்வகத்தில் கரைசல் தயாரிக்கும்போது

மோலாரிட்டி என்பது ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் என்பது. 0.1 மோலார் ஆக்சாலிக் அமிலம் 250 மில்லி வேண்டும் என்றால், 0.1 × 0.250 = 0.025 மோல். பாட்டிலில் இருப்பது இரண்டு தண்ணீர் ஒட்டிய படிகம், மோலார் நிறை 126.07. எடுக்க வேண்டியது 3.15 கிராம். அந்த இரண்டு தண்ணீரை மறந்து 90.03 என்று போட்டால் 2.25 கிராம்தான் எடுப்பீர்கள், கரைசல் 0.1க்குப் பதில் 0.071 மோலார் ஆகும், அதற்கப்புறம் தரம்பார்த்தலில் (டைட்ரேஷனில்) வரும் எந்த எண்ணும் சரியாக இருக்காது. பாட்டில் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் மோலார் நிறை அச்சிட்டிருப்பார்கள், முதலில் அதைப் படியுங்கள்.

இன்னொன்று: 250 மில்லி தண்ணீரை அளந்து அதில் அமிலத்தைப் போடக் கூடாது. கொஞ்சம் தண்ணீரில் முதலில் கரைத்து, கழுத்தில் ஒற்றைக் கோடு போட்ட குடுவைக்குள் ஊற்றி, பிறகு கோடுவரை தண்ணீரை நிரப்ப வேண்டும். 250 மில்லி என்பது கரைசலின் அளவு.

சதவீதத்திலிருந்து வாய்ப்பாடு

ஒரு பொருளில் கார்பன் 40.0%, ஹைட்ரஜன் 6.7%, ஆக்சிஜன் 53.3%. 100 கிராம் இருப்பதாக எடுத்துக்கொண்டால் சதவீதம் அப்படியே கிராம் ஆகிவிடும். 40.0 ÷ 12.011 = 3.33, 6.7 ÷ 1.008 = 6.65, 53.3 ÷ 15.999 = 3.33. எல்லாவற்றையும் மிகச் சிறியதால் வகுத்தால் 1 : 2 : 1. இது எளிய விகித வாய்ப்பாடு, இதன் நிறை 30.03.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம், இந்தச் சதவீதம் குளுக்கோஸுக்கும் பொருந்தும், வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்துக்கும் பொருந்தும் என்பதுதான். ஒன்று இனிப்பு, ஒன்று புளிப்பு, ஆனால் அணுக்களின் விகிதம் ஒன்றே. பிரித்துச் சொல்ல மோலார் நிறை வேண்டும். 180.16 ÷ 30.03 = 6 என்றால் குளுக்கோஸாக இருக்கலாம், 60.05 ÷ 30.03 = 2 என்றால் அசிட்டிக் அமிலமாக இருக்கலாம்.

திரும்பத் திரும்ப நடக்கும் பிழைகள்

சமன்பாட்டில் முன்னால் இருக்கும் எண்ணை மோலார் நிறையோடு பெருக்கிவிடுவது. 2 தண்ணீர் என்று சமன்பாடு சொன்னாலும் தண்ணீரின் மோலார் நிறை 18.015தான், 36 ஆகாது. அந்த 2, மோல் விகிதத்துக்கு மட்டும்.

கால்குலேட்டரில் 5 ÷ 6.022 × 10²³ என்று அப்படியே தட்டுவது. கருவி முதலில் 5ஐ 6.022ஆல் வகுத்து, பிறகு 10²³ஆல் பெருக்கிவிடும். விடை 46 இலக்கம் தள்ளி நிற்கும். அவகாட்ரோ எண்ணை முழுதாக அடைப்புக்குறிக்குள் போடுங்கள். அணுக்களின் எண்ணிக்கை ஒன்றுக்குக் குறைவாக வந்தாலோ, கையளவு பொருளில் ஆயிரம் மோல் வந்தாலோ, விடையை எழுதாமல் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

நடுவிலேயே எண்களைச் சுருக்குவது. 0.0146 என்பதை 0.01 என்று எழுதிவிட்டால் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை காணாமல் போகிறது. சுருக்குவதைக் கடைசி வரியில் செய்யுங்கள். கால்குலேட்டர் இல்லாத தேர்வு என்றால் அணு நிறைகளைத் தொடக்கத்திலேயே 1, 12, 16, 40 என்று முழு எண்ணாக எடுத்துக்கொள்ளலாம், அதில் தவறில்லை.

நீங்களே போட்டுப் பார்க்க மூன்று

ஒரு கிலோ உப்புப் பொட்டலம் (முழுக்கச் சோடியம் குளோரைடு என்று வைத்துக்கொள்ளுங்கள்) எத்தனை மோல்?

லண்டனில் இருக்கும் மாமாவின் கருவி 9.2 காட்டுகிறது. சென்னையில் இருக்கும் மருத்துவரிடம் எந்த எண்ணைச் சொல்ல வேண்டும்?

நீல மயில்துத்தம் 25 கிராம் எடுத்துச் சூடாக்கினால் தண்ணீரெல்லாம் போய் வெள்ளைப் பொடியாகிறது. பொடி எத்தனை கிராம் இருக்கும்?

விடைகள்: 17.1 மோல்; 9.2 × 18.016, ஏறக்குறைய 166; 25 ÷ 249.69 × 159.61, அதாவது 15.98 கிராம். மூன்றாவது கணக்கில் பறந்துபோன 9.02 கிராமை 18.015ஆல் வகுத்துப் பாருங்கள், வரும் மோல் மயில்துத்தத்தின் மோலைப் போல சரியாக ஐந்து மடங்கு இருக்கும்.